ஏரியை ஏன் மறைத்தீர்கள்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் என் ஏரிக்கரை வீட்டின் படங்கள் வந்தாலும் வந்தன, கடிதங்கள் குவிந்துவிட்டன. 31 வருடமாக அடுத்தவர் வீட்டுக்கு யோசனை சொல்லியே பிழைக்கிற இன்டீரியர் டிசைனர் நான். என் சொந்த வீட்டைப் பற்றி இத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லை. நானும் கேட்க விட்டதில்லை. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். ஏனென்றால் மூன்று பேர் தங்கள் கணவரின் ரசனையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் அமைதி நிலவட்டும்.

ஏரியை ஒட்டி வீட்டைக் கட்டிவிட்டு, வரவேற்பறையில் ஏரிப் பக்கம் சுவரை எழுப்பியிருக்கிறீர்களே! மூன்று திறப்பு வழியாகத்தான் தண்ணீர் தெரிகிறது. இவ்வளவு அழகான காட்சியை யாராவது மறைப்பார்களா?

மறைத்தேன். முழுக்கத் திறந்து வைத்துச் சூடுபட்ட பிறகுதான் மறைத்தேன்.

கட்டியபோது அந்தப் பக்கம் சுவரே கிடையாது. 24 அடி அகலத்துக்குத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. மேற்குப் பார்த்த கண்ணாடி என்பதால் இறவாரத்தை 4 அடி நீட்டி வைத்தேன். எந்த மாதத்தில் எத்தனை மணிக்கு வெயில் எங்கே விழும் என்று காகிதத்தில் கணக்கும் போட்டேன். அந்தக் கணக்கில் ஒரே ஒரு சூரியன்தான் இருந்தது. ஏரிக்கரையில் சூரியன் இரண்டு: வானத்தில் ஒன்று, தண்ணீரில் ஒன்று.

சூரியன் நடு உச்சியில் இருக்கும்போது தண்ணீர் திருப்பி அனுப்புவது நூற்றில் 2 பங்கு ஒளியைத்தான். மீதி உள்ளே போய்விடும். அதே சூரியன் அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்துக்கு இறங்கினால், வந்து விழுகிற ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர் அப்படியே எதிரில் இருப்பவர் முகத்தில் அடிக்கும். அந்த ஒளி கீழேயிருந்து வருகிறது. மேலேயிருந்து வரும் வெயிலைத்தான் இறவாரம் தடுக்கும். கீழேயிருந்து வருவதை அது என்ன செய்யும்? சாயங்காலம் ஆனால் என் வரவேற்பறையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எதையோ சந்தேகப்படுகிறவர்கள் மாதிரி இருப்பார்கள். சோபாவின் இடது கை மட்டும் இரண்டே வருடத்தில் வெளுத்துப் போனது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். இரவுதான் பொறுக்க முடியவில்லை. விளக்கைப் போட்டதும் 24 அடிக் கண்ணாடியும் கருப்பாகிவிடும். வெளியே இருக்கிற ஏரி காணாமல் போய், உள்ளே இருக்கிற நாம் தெரிவோம். வெளியே இருப்பவர்களுக்கும் நாம் மட்டும்தான் தெரிவோம். ஒரு நாள் ராத்திரி தனியாக உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் ஒரு நடுத்தர வயதுப் பெண் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கொத்தனாருக்கு ஆள் அனுப்பினேன்.

இன்னொன்றும் கவனித்தேன். கண்ணாடிச் சுவர் இருந்த வரைக்கும் நாற்காலிகள் எல்லாம் சினிமாக் கொட்டகை மாதிரி ஒரே திசையைப் பார்த்துக் கிடந்தன. விருந்தாளிகள் வந்ததும் “ஆகா” என்பார்கள். பத்து நிமிடம் பார்ப்பார்கள். பிறகு கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். எப்போதும் முழுசாகத் தெரிந்துகொண்டே இருப்பதை எத்தனை நேரம்தான் பார்ப்பது?

இப்போது இருக்கிற மூன்று திறப்புகளைச் சொல்கிறேன். முதலாவது தரையிலிருந்து ஒன்றரை அடியில் தொடங்கி 4 அடியில் முடிந்துவிடும். நின்றால் புல்தான் தெரியும், உட்கார்ந்தால்தான் கோரையும் தண்ணீரும் வரும். இரண்டாவது, நடைபாதைக் கோடியில் ஒன்றரை அடி அகலத்தில் தரை முதல் கூரை வரை ஒரு கீற்று. அதில் ஏரியின் அக்கரை மரம் ஒன்றே ஒன்று நிற்கும். மூன்றாவது கதவு. அதைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு வந்தால் ஏரி முழுசாக இருக்கிறது. வேண்டும் என்கிறவர்கள் எழுந்து நடந்து வரட்டும். நாற்காலிகள் இப்போது ஒன்றையொன்று பார்த்து இருக்கின்றன.

வெள்ளை சோபா எப்படி அழுக்காகாமல் இருக்கிறது?

அழுக்காகத்தான் இருக்கிறது. படம் எடுக்கும் முன்தினம் உறையைத் துவைத்துப் போட்டோம். கழற்றித் துவைக்கிற உறை இல்லாத வெள்ளை சோபாவை யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டிலும் தோட்டத்தைப் பார்த்துப் பெரிய கண்ணாடி உண்டு. வாரம் ஒரு பறவையாவது வந்து மோதுகிறது. பருந்து வடிவ ஸ்டிக்கர் ஒட்டியும் பயனில்லை.

இருக்காது. அந்த ஸ்டிக்கரைப் பறவை பருந்தாக நினைப்பதில்லை. நகராத ஒரு கருப்புப் பொருளாகத்தான் பார்க்கிறது. அதை மட்டும் விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து மோதும். கண்ணாடி என்பது பறவைக்குத் தெரியாது. அதில் பிரதிபலிக்கிற வானமும் மரமும்தான் தெரியும்.

என் கண்ணாடிச் சுவர்க் காலத்தில் ஒரு மீன்கொத்தி வந்து மோதியது. சத்தம் கேட்டு ஓடினேன். தரையில் மல்லாந்து கிடந்தது. அலகு திறந்திருந்தது. மூச்சு மட்டும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வெயிலில் தூரத்தில் பறக்கும்போது அம்பு மாதிரி தெரிகிற பறவை, கைக்குள் எடுத்தால் ஒரு தீப்பெட்டிக் கட்டு அளவுதான் இருக்கிறது. கால் இரண்டும் நம்ப முடியாத அளவுக்குக் குட்டை. காலணி வந்த அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, துணியை விரித்துப் படுக்க வைத்து, மூடி இருட்டறையில் வைத்தேன். தண்ணீரோ தீனியோ கொடுக்கக் கூடாது, எட்டி எட்டிப் பார்க்கவும் கூடாது. ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் கரகரவென்று சத்தம். தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் மூடியை எடுத்ததும் நேராக ஏரி மேல் பறந்து போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறக்கை தொங்கினாலோ, எழவே இல்லை என்றாலோ கால்நடை மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் புள்ளிகளோ கோடுகளோ இடுங்கள். உள்பக்கம் இட்டால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி 2 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் சிறிய பறவைகள் அதை நுழைந்து போகிற சந்து என்று நினைத்துவிடும். பார்வைக்கு இடைஞ்சலாக இருக்குமே என்பீர்கள். நாலு நாளில் உங்கள் கண்ணுக்குப் பழகிவிடும்.

நீர்நிலைக்கு அருகில் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை, தோல் பையில் வெள்ளைப் பூச்சு, கதவுகள் இறுகிக்கொள்கின்றன. நிலைக்கண்ணாடி ஓரத்தில் கருப்புப் புள்ளிகள் வேறு. வீடே சரியில்லையோ?

வீடு சரியாகத்தான் இருக்கும். நீங்கள் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறைக்குள் வையுங்கள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எண் 40க்கும் 60க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. 60ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வரவேற்புப் பத்திரிகை வைத்த மாதிரி. வெளியே உள்ளதைவிட ஈரமான காற்று உள்ளே இருக்கும்போது ஜன்னலைத் திறப்பது பலன் தரும். மழை பெய்துகொண்டிருக்கும்போது “காற்றோட்டம்” என்று திறந்து வைத்தால் ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்ததாகத்தான் ஆகும்.

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். 2 அங்குலம் முன்னால் இழுங்கள். வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும். அதற்கும் அலமாரி முதுகுக்கும் நடுவே அடைபட்ட காற்றிலுள்ள ஈரம் அங்கேதான் படியும். முதுகுப் பலகையில் மேலே நாலு, கீழே நாலு ஓட்டை போடச் சொல்லுங்கள். துணியைத் திணிக்காதீர்கள். இந்த மூன்றிலேயே பாதி வாடை போய்விடும். அந்த நாப்தலின் உருண்டை ஈரத்தை எடுப்பதில்லை. வாடைக்கு மேல் இன்னொரு வாடையைப் போடுகிறது, அவ்வளவே.

இனி கதவு. ஈரத்தைக் குடித்த மரம் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, அகலவாக்கில்தான் உப்பும். அதனால்தான் கதவு பக்கவாட்டில் நிலையைப் பிடிக்கிறது. உடனே தச்சரைக் கூப்பிட்டு இழைத்துவிடாதீர்கள். ஈரக்காலத்தில் இழைத்த கதவு, வறண்ட காலத்தில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். கதவைக் கழற்றச் சொல்லி அதன் தலையையும் அடியையும் தடவிப் பாருங்கள். வெறும் மரமாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். கதவுக்கு ஆறு பக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற நான்கு பக்கத்துக்கு பாலிஷ் போட்டுவிட்டு, தெரியாத இரண்டையும் அப்படியே மாட்டிவிடுவதுதான் வழக்கம். மரம் அதிகமாக ஈரம் குடிப்பதே அந்த வெட்டுமுனைகள் வழியாகத்தான். வறண்ட பருவம் வரும் வரை காத்திருந்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஆறு பக்கமும் அடைத்து மாட்டுங்கள். அப்புறமும் பிடித்தால் இழைக்கலாம். மரத்தரை போட்டிருந்தால் சுவரோரம் அரை அங்குலம் உப்புவதற்கு இடம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். விடாத தரை நடுவில் கூடாரம் மாதிரி எழும்பும். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் அப்படி எழும்பிய தரை மேல் குழந்தைகள் சறுக்கு விளையாடியதைப் பார்த்திருக்கிறேன். தரை போட்டவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

கண்ணாடி ஓரத்துக் கருப்பு, பின்னால் பூசிய வெள்ளியை ஈரம் தின்றது. அதற்கு மருந்து கிடையாது. அடுத்த கண்ணாடி வாங்கும்போது ஓரம் முழுக்க அடைத்து, சுவரோடு ஒட்டாமல் சிறு இடைவெளி விட்டு மாட்டச் சொல்லுங்கள். என் வீட்டில் புள்ளி விழுந்த கண்ணாடியை நான் மாற்றவில்லை. அதில் முகம் நன்றாகவே தெரிகிறது, ஓரத்தில் கொஞ்சம் மேகம், அவ்வளவுதான்.

சுவருக்குப் பிளாஸ்டிக் வால்பேப்பர் வேண்டவே வேண்டாம். சுவரை மூச்சு விட விடாது. பின்னால் பூஞ்சை பிடிப்பது நாலு மாதம் கழித்துத்தான் தெரியும். சுண்ணாம்புப் பூச்சுக்குக் காரத்தன்மை உண்டு. பூஞ்சைக்கு அது ஆகாது. என் படுக்கையறைகள் மூன்றும் சுண்ணாம்புதான். படத்தில் பார்த்து “என்ன மென்மையான நிறம்” என்று பாராட்டியவர்களுக்கு நன்றி. வாளி, தூரிகை, இரண்டு ஆள்.

ஏரிக்கரை வீட்டுக்கு நீல வண்ணம்தானே பொருத்தம்? உங்கள் வீட்டில் ஏன் நீலமே இல்லை?

ஏரி நீலமில்லை. அது வானத்திடம் இரவல் வாங்கியது. மேகம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடும். நீலம் அடித்த அறையில் மேகமூட்டமான நாளில் உட்கார்ந்து பாருங்கள், சளி பிடித்த மாதிரி இருக்கும்.

தண்ணீர் வற்றிய காலத்தில் கரையோரம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த வண்டலில் ஒரு துண்டை எடுத்துச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பெயின்ட் கலப்பவரிடம் போனேன். “இந்த நிறம்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், “நனைஞ்ச நிறமா, காய்ஞ்ச நிறமா?” என்று கேட்டார். என் வாழ்க்கையில் ஒரு பெயின்டர் கேட்ட மிகச் சிறந்த கேள்வி அது. காய்ந்த நிறம் சுவருக்கு, நனைந்த நிறம் கதவுக்கு.

வெள்ளை அடிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஜன்னலுக்கு வெளியே புல் இருந்தால் அதன் பச்சை உங்கள் வெள்ளைச் சுவரில் வந்து விழும். முதலில் ஒரு பலகையில் அடித்து, அந்த அறையிலேயே மூன்று வேளையும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாயங்காலம் ஆனால் தாழ்வாரத்தில் உட்கார முடியவில்லை. பூச்சி மொய்க்கிறது. மின்பொறி வாங்கலாமா?

வாங்காதீர்கள். காலையில் அதன் தட்டைப் பாருங்கள். செத்துக் கிடப்பதில் கொசு மிகக் குறைவு. பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்யாத வேறு பூச்சிகள்தான்.

ஏரியிலிருந்து கூட்டமாக எழும்புவது பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், ஆனால் கடிக்காது. அதன் புழுக்கள் ஏரியடிச் சேற்றில் வளர்ந்து, எல்லாம் ஒரே சமயத்தில் இறக்கை முளைத்துக் கிளம்பும். சில நாளில் தானே அடங்கிவிடும். வெளிச்சத்துக்குத்தான் வருகிறது. அதிலும் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் என்றால் உயிர். தாழ்வாரத்து விளக்கை 2700 கெல்வினுக்கு மேல் போகாத மஞ்சளாக மாற்றுங்கள். உயரத்தில் தொங்கவிடாமல் முழங்கால் உயரத்தில், கீழ்நோக்கி மூடி போட்டு வையுங்கள். கதவுக்கு நேர் மேலே விளக்கு வைக்கிறவர்கள் பூச்சிக்கு வாசல் காட்டுகிறார்கள்.

கடிக்கிற கொசு பெரும்பாலும் உங்கள் பூந்தொட்டித் தட்டிலும், கூரை மழைநீர்க் குழாயிலும் பிறந்ததாக இருக்கும். மீனும் அலையும் இருக்கிற திறந்த ஏரியைவிட அசையாத ஒரு கிண்ணம் தண்ணீர் அதற்கு உகந்தது. மின்விசிறியைப் போடுங்கள். கொசு பறப்பதில் பலவீனம். காற்றை எதிர்த்து வராது.

தண்ணீர் வரை புல்தரை போட்டு, ஓரத்தில் பூச்செடி வைக்க ஆசை. உங்கள் தோட்டத்தில் கரையோரம் புதர் மாதிரி வளர விட்டிருக்கிறீர்களே, பராமரிக்க ஆளில்லையா?

ஆள் உண்டு. அவரிடம் “அங்கே கைவைக்காதே” என்று சொல்வதற்குத்தான் அதிகம் பாடுபட்டேன்.

உங்கள் ஆசை எனக்கும் இருந்தது. முதல் இரண்டு வருடம் கம்பளம் மாதிரி புல், நேராகத் தண்ணீரில் போய் முடியும். புல் பசுமையாக இருக்க உரம் போட்டேன். மழை அந்த உரத்தைக் கழுவி ஏரிக்குள் சேர்த்தது. உரத்திலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் புல்லுக்கு எப்படியோ அப்படியேதான் பாசிக்கும். மூன்றாவது கோடையில் கரையோரம் முழுக்கப் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஆடை. பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஒரு காலையில் படியில் இறங்கியபோது விரல் நீள மீன்கள் பன்னிரண்டு, வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எண்ணினேன். என் புல்தரை எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அதற்கு முதல் வாரம்தான் ஒருவர் சொல்லியிருந்தார்.

புல்லின் வேர் மேலோட்டமானது. அலை அடிக்க அடிக்கக் கரையைப் பிடித்து வைக்க அதனால் ஆகாது. இரண்டு வருடத்தில் என் கரை ஒரு முழம் உள்வாங்கியது. இப்போது தண்ணீரிலிருந்து 20 அடி அகலத்துக்குப் புல்வெட்டி நுழைவதில்லை. கோரை, சம்பு, ஐரிஸ், மேட்டுப் பக்கம் வெட்டிவேர். வெட்டிவேர் பத்தடி வரைகூட ஆழமாக இறங்கும். மண்ணைத் தைத்து வைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். உரமும் சேறும் தண்ணீருக்குப் போகும் முன் இந்தப் பட்டையிலேயே வடிந்துவிடும். எந்தச் செடி என்பதை உங்கள் ஏரியின் கரையிலேயே நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். தானாக முளைத்து நன்றாக இருப்பதுதான் உங்களுக்கான பட்டியல். கரையை வெட்டுவதற்கும் மண் நிரப்புவதற்கும் பல இடங்களில் அனுமதி வேண்டும், முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

ஏரிக்குப் போக 4 அடி அகலத்தில் ஒரு பாதை மட்டும் செதுக்கி வைத்திருக்கிறேன். நேராகப் போகாது, வளைந்து போகும். நேர்ப்பாதை என்றால் மழைத்தண்ணீர் அதையே கால்வாயாக்கிக்கொண்டு ஏரியில் பாயும். வளைவு அதைச் செடிகளுக்குள் தள்ளிவிடும். நான் வளைத்தது மண்ணுக்காக. நடந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வளைவு தாண்டும் வரைக்கும் தண்ணீர் தெரியாது. சத்தம் முதலில் வரும், பிறகு வாடை, பிறகுதான் ஏரி.

தோழி ஒருத்தி ஆகாயத்தாமரை கொண்டுவந்து “ஊதாப்பூ அழகாக இருக்கும்” என்று கொடுத்தாள். பூ அழகுதான். தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி உலகத்து ஏரிகளை மூடிக்கொண்டிருக்கிற செடி அது. சூடும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். அவள் போன பிறகு அதை வெயிலில் காயப்போட்டு எரித்தேன். அவள் இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஓவியர் மோனே 1893இல் ஜிவெர்னியில் அல்லிக்குளம் வெட்டப் புறப்பட்டபோது, அந்நியச் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். அந்த விஷயத்தில் அவர்கள் பயம் வீண். ஆகாயத்தாமரை விஷயத்தில் நான் ஊரார் பக்கம்.

ஏரியை மறைக்கிற மரக்கிளைகளை வெட்டிவிடலாமா? கணவர் “எல்லாவற்றையும் வெட்டு” என்கிறார்.

வெட்டியதை ஒட்ட முடியாது என்று அவரிடம் சொல்லுங்கள். முதலில் வரைந்து பாருங்கள்.

ஹம்ப்ரி ரெப்டன் என்று ஒரு ஆங்கிலேயத் தோட்டக் கலைஞர், 1752 முதல் 1818 வரை வாழ்ந்தவர். தோட்டம் எப்படி மாறப் போகிறது என்பதைச் சொந்தக்காரருக்குக் காட்ட நீர்வண்ணத்தில் வரைந்து, மேலே ஒரு காகித மடிப்பை ஒட்டிவிடுவார். மூடியிருந்தால் இன்றைய காட்சி, தூக்கினால் நாளைய காட்சி. சிவப்புத் தோலில் கட்டிய அந்த ஏடுகள் இன்றும் இருக்கின்றன. நான் அதே வேலையைப் புகைப்படமும் டிரேசிங் காகிதமும் வைத்துச் செய்கிறேன். உட்காருகிற இடத்திலிருந்து படம் எடுங்கள். அதன் மேல் காகிதத்தை வைத்து, எந்தக் கிளை போக வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்றதை வரையுங்கள். அனேகமாகக் கீழ்க்கிளைகள் மூன்று நான்கை எடுத்தால் போதும். அடிமரத்துக்கு நடுவே தண்ணீர் சட்டம் போட்ட மாதிரி வரும். மொத்தமும் வெட்டினால் ஏரி பெரிதாகத் தெரியாது, வெறிச்சென்று தெரியும்.

உங்களுக்கு யார் குரு? எந்த வீட்டைப் பார்த்து இதெல்லாம் கற்றீர்கள்?

குரு என்று சொன்னால் அவர் ஆவி என்னை மன்னிக்காது. ஆனால் ஒரு வீடு உண்டு. இலங்கையில் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் இருக்கிற லுனுகங்க. ஜெஃப்ரி பாவாவின் வீடும் தோட்டமும்.

அவர் வக்கீலாக இருந்தவர். 1948இல் பாழடைந்து கிடந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தை வாங்கினார். இத்தாலியத் தோட்டம் போல ஒன்று அமைக்க வேண்டும் என்பது கனவு. செய்ய ஆரம்பித்த பிறகுதான் தனக்குத் தொழில் தெரியாது என்று தெரிந்தது. வக்கீல் தொழிலை விட்டுவிட்டுக் கட்டடக்கலை படிக்கப் போய், 1957இல் தகுதி பெற்றபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதாவது, இலங்கைக்கு அதன் மிகப் பெரிய கட்டடக் கலைஞரைக் கொடுத்தது ஒரு தோட்டம். பிறகு ஐம்பது வருடம் போல அதில் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே இருந்தார். 2003இல் இறந்தார்.

வீட்டிலிருந்து தெற்கே பார்த்தால் ஒரு குன்று, அதற்கு அப்பால் ஏரி. குன்று ஏரியை மறைத்தது. நம்மில் யாராக இருந்தாலும் வீட்டுக்கு ஒரு மாடி எடுத்திருப்போம். அவர் குன்றின் தலையைச் சீவித் தாழ்த்தினார். கறுவாக் குன்று என்று பெயர். அதன் மேல் ஒரு மரத்தடியில் பெரிய பழைய ஜாடி ஒன்றை வைத்தார். கண் வீட்டிலிருந்து கிளம்பிப் புல்லில் இறங்கி, குன்றேறி, ஜாடியில் ஒரு கணம் நின்று, அதைத் தாண்டி ஏரியைத் தொட்டு, அக்கரையில் மரங்களுக்கு மேல் தெரிகிற தாதுகோபத்தில், அதாவது பௌத்தத் தூபியில், போய் உட்கார்கிறது. அந்தத் தாதுகோபம் அவருடையது இல்லை. ஆனால் அவர் தோட்டத்தில் இருக்கிறது. ஜப்பானியத் தோட்டக்காரர்கள் இதைக் கடன் வாங்கிய காட்சி என்பார்கள்.

நான் நின்று பார்த்தபோது ஒரு சைக்கிள் மணி கேட்டது. எங்கே என்று தேடினேன். வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ப் பாதை போகிறதாம்! பள்ளத்தில் இறக்கிவிட்டதால் வீட்டிலிருந்து பார்த்தால் புல் இடைவெளியே இல்லாமல் ஓடுகிறது. ஆளும் தெரியாது, சைக்கிளும் தெரியாது, மணி மட்டும் கேட்கும். அரை மணி நேரம் அங்கேயே நின்று எல்லா மணியையும் கேட்டேன்.

தாழ்வாரத்துப் பக்கத்தில் கள்ளிமந்தாரை மரங்கள் கை விரித்துப் படுத்த மாதிரி வளர்ந்திருக்கின்றன. கிளைகளில் எடை கட்டித் தொங்கவிட்டு வருடக்கணக்கில் அப்படி வளைத்தாராம். அதைக் கேட்டதும் எனக்கு என் அவசரம் வெட்கமாக இருந்தது. நான் ஒரு வாடிக்கையாளரிடம் “எட்டு வாரத்தில் முடித்துத் தருகிறேன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

இதெல்லாம் வசதி படைத்தவர்கள் சமாசாரம். மாடிக் குடியிருப்பில் ஒரே ஜன்னல் இருக்கிற எனக்கு இதில் என்ன இருக்கிறது?

கோபம் நியாயம்தான். உங்கள் ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று எழுதியிருக்கலாம். தண்ணீர்த் தொட்டியும் ஒரு மரத்தின் உச்சியும் என்றால், தொட்டி மறைகிற உயரம் வரைக்கும் கீழ்ப்பாதிக்கு மெல்லிய துணி கட்டுங்கள். மரத்தின் உச்சி நிற்கட்டும். உட்காருகிற இடத்தை ஜன்னலுக்கு நேர் எதிரே போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். திரும்பினால்தான் தெரிய வேண்டும். நான் கண்ணாடியை உடைத்துச் சுவர் வைத்துச் செய்தது இதைத்தான். உங்களுக்கு அந்தச் செலவு மிச்சம்.

படித்துறைப் படத்தில் இருக்கிற பழைய மர நாற்காலி ஒரு மாதிரி கோணலாகத் தெரிகிறதே, ஒடிந்ததா?

இத்தனை படங்களில் இதைக் கவனித்த ஒரே ஆள் நீங்கள். ஒடியவில்லை. நான்தான் அறுத்தேன்.

அந்த இடத்தில் தரை ஏரியை நோக்கிச் சரிகிறது. சாதாரண நாற்காலியைப் போட்டால் ஆளைத் தண்ணீருக்குள் தள்ளுவது போல முன்பக்கம் சாயும். தரையைச் சமப்படுத்தச் சிமென்ட் போடலாம் என்றார்கள். கரையில் சிமென்ட் போட மனசு வரவில்லை. பின்கால் இரண்டிலும் ஒன்றரை அங்குலம் அறுத்தேன். இப்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் அது சரியாக உட்காரும். கால்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு நான்கு தட்டைக் கல் பதித்திருக்கிறேன்.

உங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அதைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்து, கோணம் பார்க்கத் தானே உட்கார்ந்தார். சமதரை. நாற்காலியோடு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டார். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரே அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கல் மேல் வைத்துவிட்டு வந்தார்.